விளங்கினால்தான் விளக்கம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது மெய்ப்புப் பார்க்கும் வேலையை என் தலையிலேயே கட்டியிருந்தார்கள். முதல் மெய்ப்பில் என் தலைப்பு ‘விலக்கம்: ஒரு சொல்லின் கதை’ என்று வந்திருந்தது. சிறிய லகரம். அச்சகத்துத் தம்பியிடம் சொன்னேன். “சார், ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டார். ஒன்றில்லை. விலக்கு என்றால் ஒதுக்கு, தள்ளு. விளக்கு என்றால் ஒளி ஏற்று, துலக்கு. வேர் வேறு, பொருள் வேறு. ஆனாலும் மேலே படிந்த அழுக்கை விலக்காமல் பாத்திரத்தை விளக்க முடியாதே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தத் தம்பி தன்னை அறியாமலே என் உரையின் முதல் வரியை அடித்துக் கொடுத்துவிட்டார்.

விரிவாகப் பொருள் சொல்வதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. உரை, விளக்கம், விரிவுரை, பொழிப்பு, பதவுரை, அகலவுரை, காண்டிகை, விருத்தி, வியாக்கியானம், பாடியம், விவரணம். எல்லாவற்றையும் இன்று சுற்றிவர முடியாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வழியில் எதிர்ப்படுகிற சிலரை மட்டும் நலம் விசாரித்துவிட்டு வருவோம். பிடித்துக்கொள்கிற சொல் விளக்கம்.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் விளக்கு விளக்குகிற நாள். வெள்ளிக்கிழமை விளக்கைக் கழுவக்கூடாது என்பது ஆச்சியின் சட்டம். கிணற்றடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, குத்துவிளக்கைத் தட்டு வேறு, தண்டு வேறு, பாதம் வேறு என்று திருகிக் கழற்றி வைப்பாள். “ஏலே, அந்தப் பழம்புளிய எடுத்துட்டு வா. அப்படியே தேங்காநாரும் சாம்பலும்” என்பாள். ஒரு வாரத்து எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் தட்டின் உட்குழிவில் கறுத்துக் கிடக்கும். தண்டின் வரிப்பள்ளத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். புளியைக் கரைத்துத் தடவிச் சற்றுநேரம் விட்டு, சாம்பலைத் தொட்டு நாரால் அழுத்தித் தேய்ப்பாள். முதலில் இன்னும் கறுப்பாகும். அதைப் பார்த்து நான் முகம் சுளித்தால், “பொறு, வெளங்கும்” என்பாள். தண்ணீர் ஊற்றியதும் மஞ்சளாகப் பளீரென்று முகம் தெரியும். ஆச்சி பித்தளைக்கு ஒரு குன்றிமணி எடைகூடச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்ததை வெளியே வரவைத்தாள், அவ்வளவுதான். ‘விளக்கை விளக்கு’ என்று அவள் சொன்னபோது முதல் சொல் பெயர், இரண்டாவது ஏவல் வினை. அந்த ஏவலில் பிறந்த பெயர்தான் நாம் இன்று மேடைபோட்டுப் பேசுகிற விளக்கம்.

இலக்கணப்படி பார்த்தால் இது மிக எளிய சொல். அடங்கு, அடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. கலங்கு, கலக்கு. மயங்கு, மயக்கு. இறங்கு, இறக்கு. முதலாவது தானாக நடப்பது, தன்வினை. இரண்டாவது ஒருவர் நடத்துவது, பிறவினை. நடுவில் இருக்கிற மெல்லெழுத்து வல்லெழுத்தாக இறுகிக்கொள்ளும். விளங்கு, விளக்கு என்பதும் அந்த வரிசைதான். விளங்கு என்றால் ஒளிர். விளக்கு என்றால் ஒளிரச் செய். துலங்கு, துலக்கு என்ற இரட்டையும் இதே குடும்பத்து நடைதான். வீட்டில் பாத்திரம் துலக்குகிறோம், காவல் துறையில் துப்புத் துலக்குகிறார்கள்.

பக்கத்து வீடுகளிலும் எட்டிப் பாருங்கள். மலையாளத்திலும் ஏற்றிவைக்கிற விளக்கு விளக்குதான். ஆனால் அங்கே உலோகத் துண்டுகளைப் பற்றவைத்து ஒன்றாக்குவதையும் விளக்குதல் என்பார்கள். கன்னடத்தில் பெளகு என்றால் ஒளி, விடியல். பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் பெளகுதான். தெலுங்கில் வெலுகு என்றால் வெளிச்சம். ஆக, ஒளியையும் தேய்ப்பையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்தவள் என் ஆச்சி மட்டுமில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘நான் விளக்கினேன்’ என்று சொல்லலாம், அங்கே எழுவாய் நான். ஆனால் ‘நான் விளங்கினேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு விளங்கியது’ என்கிறோம். என்னைத் தூக்கி நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பொருள் எழுவாயாக எழுந்து நிற்கிறது. ஒளிர்வது பொருள், நான் அதைப் பார்க்கக் கிடைத்தவன். அதாவது விளக்குகிறவருக்கு விளக்கு என்ற வினைமட்டும்தான் சொந்தம். விளங்கு என்ற வினையில் அவருக்குப் பட்டா கிடையாது. ஒரு மணி நேரம் விளக்கினேன் என்று ஆசிரியர் சொல்லலாம். விளங்கியதா என்பதை மாணவன்தான் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். மீதி எல்லாம் இதற்குக் காட்டு.

ஈழத்து நண்பர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே வாய்க்கு வாய் “விளங்குதோ?” என்பார்கள். நாம் “புரியுதா?” என்கிறோம். பழைய இலக்கியத்தில் புரிதல் என்றால் செய்தல், விரும்புதல், முறுக்குதல். முப்புரி நூல் என்கிறோமே, அந்தப் புரி. அறிவதற்கு நாம் அந்தச் சொல்லை இழுத்துவந்து வைத்திருக்கிறோம். அவர்கள் பழைய விளக்கை அணையாமல் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் விளங்குதல் கொஞ்சம் கறுத்துப்போய்விட்டது. “வெளங்காத பய”, “வெளங்கிரும்” என்று நாம் சொல்லும்போது வாழ்த்துவதில்லை. கைகால் மரத்துப்போனால் “கை வெளங்கலை” என்கிறோம். தரையை விளக்குகிற மாறு விளக்குமாறு; அது வெளக்கமாறு ஆகி வசவாயிற்று, அதற்குப் பட்டுக்குஞ்சம் கட்டிப் பழமொழியும் சொல்லியாயிற்று. விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய் விளக்கெண்ணெய். அதுவும் மந்தமானவனைத் திட்டுகிற சொல். இவ்வளவு வெளிச்சமான ஒரு குடும்பத்தில் எப்படி இத்தனை வசவு பிறந்தது என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. பாத்திரம் தேய்க்கிறவர்களையும் தெருக்கூட்டுகிறவர்களையும் நாம் எந்த இடத்தில் வைத்திருந்தோமோ, அந்த இடத்தில் அவர்களுடைய சொற்களையும் வைத்துவிட்டோம் என்பதுதான் எனக்குத் தோன்றுகிற பதில்.

நூல்களுக்குள் போவோம். திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தின் முதல் குறள், 601ஆவது. அதில் விளக்கம் என்ற சொல் வருகிறது. பொருள் விளக்குத்தான், எரிகிற விளக்கு. பிறந்த குடியை அணையா விளக்காகவும், சோம்பலை அதன்மேல் படர்கிற மாசாகவும் வள்ளுவர் வைக்கிறார். மாசு ஏறினால் விளக்கு மங்கும் என்பது ஆச்சிக்கும் வள்ளுவருக்கும் பொதுவாகத் தெரிந்த விஷயம்.

பிற்காலத்தில் நூல்களுக்கே விளக்கம் என்று பெயர் வைத்தார்கள். நாற்கவிராச நம்பி செய்த அகப்பொருள் இலக்கணத்துக்கு அகப்பொருள் விளக்கம் என்று பெயர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்று உண்மை விளக்கம். திருவதிகை மனவாசகங் கடந்தார் செய்தது, மாணவர் கேட்க ஆசிரியர் சொல்லும் அமைப்பு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு வழக்கமாகச் சொல்கிற உவமை செம்பில் ஏறிய களிம்பு. களிம்பை வைத்துக்கொண்டு யோசித்த ஒரு மரபில் விளக்கம் என்ற பெயர் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். குமரகுருபரர் செய்தது நீதிநெறி விளக்கம். வைத்தியநாத தேசிகர் செய்தது இலக்கண விளக்கம்; அதைக் குட்டித் தொல்காப்பியம் என்றே சொல்வார்கள். இவை மூலநூல்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் விளக்கம் மூலம். அதற்குப் பொருள் சொல்வதுதான் உரை. இன்று உரை என்றால் மேடையில் பேசுவது. விளக்கம் என்றால் பொருள் சொல்வது. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இந்த இலக்கண விளக்கத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் ஒரு மறுப்பு வந்தது. எழுதியவர் சிவஞான முனிவர். அதற்கு அவர் வைத்த பெயர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. விளக்கம் என்பதற்கு இன்றைய பொருளை மட்டும் நினைத்தால் சூறாவளி எதற்கு என்று தெரியாது. விளக்கம் என்றால் விளக்கு என்பது நினைவிருந்தால் சிரிப்பு வரும். உன் விளக்கை ஊதி அணைக்கக் காற்று போதாது, சூறாவளியே வருகிறது என்கிறார். தமிழில் புத்தகத் தலைப்பிலேயே ஆளை அடித்த கண்டனங்களில் இதற்கு இணை எனக்கு அகப்படவில்லை.

உரை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நம் இலக்கணக்காரர்கள் விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் காண்டிகையும் உரையும் பேசப்படுகின்றன. நன்னூலில் பவணந்தி உரைக்குப் பதினான்கு உறுப்பு சொல்கிறார். சரியான பாடம் எது என்று காட்டுவதில் தொடங்கி, கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று போகிறது. பிறகு அதையே இரண்டாகச் சுருக்குகிறார். காண்டிகை சிறியது: கருத்து, சொற்பொருள், காட்டு, வினா, விடை. விருத்தி பெரியது: நூலில் உள்ளதோடு, இன்றியமையாத மற்றவற்றையும் சேர்த்து, ஐயம் தீர விரித்துச் சொல்வது. எனக்குப் பிடித்தது, இரண்டிலுமே வினாவும் விடையும் இருப்பது. கேட்பவன் இடைமறித்துக் கேட்பான் என்று எதிர்பார்த்து எழுதினால்தான் அது உரை. யாரும் கேட்கமாட்டார்கள் என்று எழுதினால் அது அரசாணை.

விருத்தி என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வடமொழியில் வ்ருத்தி, வ்ருத்³தி⁴ என்று இரண்டு சொற்கள். முதலாவது உரை என்ற பொருளில் வழங்குவது. இரண்டாவது வளர்ச்சி. தமிழ் எழுத்தில் இரண்டும் விருத்திதான். அதனால் விருத்தியுரை என்றால் வளர்ந்துகொண்டே போகிற உரை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சில விருத்தியுரைகளைத் தூக்கிப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை. சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரம். அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியத்தை ஒரு கையால் எடுக்க முடியாது. பாடியம் என்பது பாஷ்யம், பேசுதல் என்ற வேரில் வந்தது. நம் உரையும் பேசுதல்தான். எழுத்துக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுப்பதுதான் உரை என்பதில் இரண்டு மொழிக்காரர்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

விவரணத்தைத் தொட்டுவிட்டுப் போகிறேன். வடமொழியில் விவரம் என்றால் துளை, பிளவு. விவரணம் என்றால் மூடியிருப்பதைத் திறப்பது. தமிழுக்கு வந்ததும் விவரம் என்பது தகவல் ஆகி, ‘விவரமான ஆள்’ என்று கெட்டிக்காரனும் ஆகிவிட்டது.

இப்போது வியாக்கியானம். இன்று யாரையாவது “வியாக்கியானம் பண்ணாதே” என்றால், நேராகச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறான் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு கதி வந்திருக்கக்கூடாது. திருவாய்மொழிக்கு வைணவ ஆசாரியர்கள் செய்த வியாக்கியானங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம்மாழ்வாரின் பாசுரங்கள் 1102. அவற்றுக்கு ஐந்து பழைய வியாக்கியானங்கள். திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி. நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி. வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளை சொல்லச்சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது அரிசி அளக்கிற படி மாதிரி ஓர் அளவு. முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி. கணக்குப் போட்டால் ஈடு மட்டும் 11,52,000 எழுத்து. உரைக்குப் பெயரே அதன் அளவுதான். நம் ஊரில் வேறு எந்த உரைகாரருக்கும் இப்படி எடைபோட்டுப் பெயர் வைத்ததாக நான் அறியேன்.

நீளம்தான் பெருமையோ என்று கேட்கத் தோன்றும். அதற்கு அந்த மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியை நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தரச்சொல்லி வரதராசன் என்ற இளைஞரிடம் கொடுத்தாராம். அவர் சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடந்தபோது வெள்ளம் அதை அடித்துப் போய்விட்டது. ஒரே பிரதி. ஆசிரியர் சொல்லக் கேட்டதை நினைவிலிருந்தே முழுக்க எழுதினார். எழுதும்போது சில இடங்களில் தனக்குத் தோன்றிய பொருளும் சேர்ந்துவிட்டது. ஏட்டைப் பார்த்த நஞ்சீயருக்கு இது தாம் எழுதியதில்லை என்று தெரிந்துவிட்டது. நடந்ததைக் கேட்டார். கோபிக்கவில்லை. ‘இவன் நம் பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். நம்பிள்ளை என்ற பெயர் அப்படி வந்தது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஏடு ஆற்றோடு போயிற்று. ஆனால் அவருக்கு விளங்கியிருந்தது. விளங்கியிருந்ததால்தான் மேலே சேர்க்கவும் முடிந்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்று மதுரையில் இருக்கிறது. இறையனார் களவியலுக்கு உரை எழுந்த கதை. அந்த உரைநூலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதை என்பதால் வரலாறு என்று சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டாம். பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். அரசன் புலவர்களை எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். மழை பெய்தபின் ஆள்விட்டுத் தேடினான். எழுத்து வல்லவர், சொல் வல்லவர், யாப்பு வல்லவர் எல்லாரும் கிடைத்தார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. அரசன் வருந்தினான். ஆலவாய்க் கடவுள் அறுபது சூத்திரம் செய்து, செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் அடியில் இட்டார். கடவுளே எழுதிக்கொடுத்தும் பிரச்சினை தீரவில்லை. ஆளுக்கு ஓர் உரை சொன்னார்கள். எது சரியானது?

நடுவராக வந்தவன் உருத்திரசன்மன். உப்பூரிகுடி கிழாரின் மகன். வயது ஐந்து. பிறவி ஊமை. அவனை நீராட்டி, வெண்துகில் உடுத்தி, பூச்சூட்டிப் பலகையின்மேல் இருத்தினார்கள். புலவர்கள் ஒவ்வொருவராக உரை சொன்னார்கள். பையன் சும்மா இருந்தான். மதுரை மருதனிளநாகனார் சொன்னபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். அதுவே தீர்ப்பு. அந்த உரை பிறகு பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்ததாம்.

இந்தக் கதையைக் கட்டியவர் யாராயிருந்தாலும் அவர் பெரிய ஆள். நடுவரைத் தேர்ந்தபோது இன்னொரு பெரும்புலவரை அவர் கொண்டுவரவில்லை. சொல்லுக்குச் சொல் மறுக்கத் தெரிந்த ஒருவரையும் கொண்டுவரவில்லை. கேட்க மட்டும் தெரிந்த ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார். உரை சொல்வது சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேருடைய வேலையாக இருக்கலாம். விளங்கியது என்று தெரிவது ஒரு முகத்தில். நான் முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவன். முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டே இருக்கிற பையனை நம்பி ஏமாந்ததுண்டு. ஜன்னலோரம் பேசாமல் இருக்கும் ஒருத்தியின் கண்ணில் சட்டென்று ஒன்று மாறும், அன்றைக்குத்தான் பாடம் நடந்தது என்று கணக்கு.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இந்தச் சொல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ‘விளக்கம் கேட்டு’ ஒரு மெமோ வந்தால் அரசு ஊழியர் வீட்டில் அன்று சாப்பாடு இறங்காது. அது ஒழுங்கு நடவடிக்கை விதி 17 (பி)யின்கீழ் என்றால் தூக்கமும் போய்விடும். ‘தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாளுக்குள் அளிக்கவும்’ என்று இருக்கும். கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்ற தவிப்பு அதில் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. கட்சியில் முணுமுணுத்தவர் ‘தன்னிலை விளக்கம்’ கொடுக்கிறார். சட்டமன்றத்தில் துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் விளக்குகிறவர் இருக்கிறார். பலகைமேல் அந்த ஐந்து வயதுப் பையன் மட்டும் இல்லை.

இலங்கையில் நீதிமன்ற விசாரணைக்கே விளக்கம் என்று பெயர். வழக்கு விளக்கத்துக்கு வந்தது என்பார்கள். விசாரணை முடியும்வரை ஒருவரைக் காவலில் வைப்பது விளக்கமறியல். இங்கிருந்து போகிற பத்திரிகை வாசகர் அதைப் பார்த்துக் குழம்புவார். நமக்கு மறியல் என்றால் சாலையில் உட்காருவது, அவர்களுக்கு அது சிறைக்காவல். உண்மை துலங்கும்வரை பூட்டிவைப்பது என்று பிரித்துப் பார்த்தால் சொல் சரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு எப்போது வெளிச்சம் வரும் என்பது வேறு கேள்வி.

நேரமாகிவிட்டது. ஓர் உதவி கேட்டு முடிக்கிறேன். எங்கள் ஆச்சி பாத்திரம் விளக்கினாள். என் மனைவியின் ஊரில் துலக்குவார்கள். சிலர் வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்ப்பார்கள். அந்தப் பத்து எண்ணிக்கை இல்லை, ஒட்டிக் காய்ந்த சோற்றுப் பற்று. சில ஊர்களில் ஏனம் கழுவுவார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கழுவுவது ஒன்றே மிஞ்சி, மற்றவை மெல்ல மறைந்துகொண்டிருக்கின்றன. வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் அம்மாவோ ஆச்சியோ அப்பத்தாவோ இந்த வேலைக்கு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். நினைவில்லாதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு ஒரு கார்டு போட்டாலும் போதும். பேனாவும் அங்கேயே இருக்கிறது.